சூளும் கரியும்: தமிழ் மரபில் பொய்ச்சூள், பொய்க்கரி பற்றி ஓர் ஆய்வு

முன்னுரை

இளங்கலை இரண்டாமாண்டு வகுப்பில் ஒருநாள் அகநானூற்றுப் பாடல் ஒன்றை நடத்திக்கொண்டிருந்தோம். பாடம் முடியும் வேளையில் ஒரு மாணவர் எழுந்து, “ஐயா, நடந்தது உண்மை. ஆனால் அதை நான் கண்ணால் காணவில்லை. கண்டேன் என்று நான் சொன்னால் அது பொய்ச்சாட்சி ஆகுமா?” என்று வினவினார். வகுப்பிலே சிரிப்பொலி எழுந்தது. வினவியவர் மட்டும் சிரிக்கவில்லை.

மணி அடித்தபின் தாழ்வாரத்தில் அவரை அழைத்துக் கேட்டோம். அவருடைய மாமா ஒருவர் தம் நண்பருக்குக் கைமாற்றாகப் பணம் கொடுத்திருந்தார். எழுத்தில்லை, சாட்சியும் இல்லை. வாங்கியவர் இப்போது இல்லையென்கிறார். வழக்கு மன்றம் ஏறவிருக்கிறது. “பணம் கொடுத்தபோது நானும் உடனிருந்தேன் என்று நீ சொன்னால் போதும்” என்று மாமா வேண்டுகின்றார். மாமா பொய் சொல்பவர் அல்லர் என்பது மாணவருக்குத் தெரியும். பணம் கொடுக்கப்பட்டது மெய்யே. ஆனால் அன்று அவர் அங்கு இல்லை.

பொருள் மெய், கரி பொய். இந்நிலையை நம் முன்னோர் எவ்வாறு நோக்கினர் என்று அம்மாணவர்க்கு விடை கூற முற்பட்டதன் விளைவே இக்கட்டுரை.

சொற்பொருள்

தமிழில் இருவகைச் சொற்களை முதலில் பிரித்தறிதல் வேண்டும். இனி நடக்கவிருப்பதைக் குறித்து ஒருவர் தம்மைத் தாமே கட்டிக்கொள்ளும் உறுதிமொழி ஒருவகை. சூள், சூளுறவு, வஞ்சினம் என்பன அதன் பெயர்கள். நடந்துவிட்ட ஒன்றைக் குறித்துப் பிறர் முன்னிலையில் உரைப்பது மற்றொரு வகை. கரி, சான்று, சாட்சி என்பன அதன் பெயர்கள். முன்னதை மீறினால் சூள் பொய்க்கிறது. பின்னதில் வழுவினால் கரி பொய்க்கிறது. நடந்ததை மறுத்துச் சூளுறுதலும் உண்டு. அங்கே சூளும் கரியும் ஒன்றையொன்று எதிர்த்து நிற்கும்.

கரி என்னும் சொல் சான்று என்னும் பொருளில் வருவதைத் திருக்குறளின் 25, 1060 ஆகிய குறள்களில் காணலாம். சான்று என்னும் சொல்லைச் ‘சால்’ என்னும் வேரோடு இணைத்துக் காண்பர் சொல்லாய்வாளர். நிறைவுடையவர் சான்றோர், அவர் சொல் சான்று. எனவே சான்று என்பது சொல்லின் தன்மை மட்டுமன்று, சொல்பவரின் தன்மையும் ஆகும் என்னும் குறிப்பு இச்சொல்லிலேயே அடங்கியுள்ளது.

சாட்சி என்பது வடசொல்லின் வழிவந்தது. கண்ணொடு கூடியவர், அதாவது நேரிற் கண்டவர் என்பது அதன் அடிப்படைப் பொருள். அரபு மொழியின் ‘ஷஹாதத்’ என்னும் சொல்லும் உடனிருத்தல், காணுதல் என்னும் கருத்துகளையே வேராகக் கொண்டது. இரு வேறு மொழிக் குடும்பங்களைச் சேர்ந்த இவ்விரு சொற்களும் ‘காணாதவர் சாட்சியாகார்’ என்பதில் ஒன்றுபடுதல் நோக்கத்தக்கது. மாணவரின் வினாவுக்குப் பாதி விடை அகராதியிலேயே கிடைத்துவிடுகிறது.

சூளுக்கு வழங்கும் பிற சொற்களும் சிந்தனைக்குரியன. சபதம் என்னும் வடசொல் சாபம் என்பதோடு ஒரே வேரினது. சத்தியம் என்றால் உண்மை. தமிழ் வழக்கில் அதுவே ஆணையிடுதலுக்கும் பெயராயிற்று. அரபியில் ‘யமீன்’ என்பது வலக்கையையும் குறிக்கும், சூளையும் குறிக்கும். கையடித்துச் சத்தியம் செய்யும் நம்மூர் வழக்கத்தை அறிந்தவர்க்கு இதில் வியப்பு எழாது.

ஆங்கில நாட்டின் இடைக்காலம்

ஒப்புநோக்குக்காக ஆங்கில மொழியின் பழைய நிலையைச் சிறிது காண்போம். இன்று ‘பெர்ஜுரி’ என்றால் நீதிமன்றத்தில் ஆணையிட்டுப் பொய் கூறுதல் என்றே பொருள் கொள்கிறோம். இடைக்கால இங்கிலாந்தில் அச்சொல்லின் எல்லை இதனினும் விரிந்தது. பொய்யாகச் சான்று கூறுதலும் பெர்ஜுரி. கொடுத்த வாக்கை மீறுதலும் பெர்ஜுரி. நாம் இருவேறு சொற்களால் குறிப்பதை அவர்கள் ஒரே சொல்லில் அடக்கினர். கடவுளைச் சான்றாக அழைத்தபின் சொல் பொய்த்தால், அது முன்னோக்கிய சொல்லாயினும் பின்னோக்கிய சொல்லாயினும் குற்றம் ஒன்றே என்பது அவர்தம் கருத்து.

ஒன்பதாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஆல்ஃபிரட் மன்னரின் சட்டத்தொகுப்பு, ஒவ்வொருவரும் தம் சூளையும் வாக்கையும் காத்தல் வேண்டும் என்னும் விதியையே முதலாவதாக வைக்கிறது. வாக்கை மீறியவர் நாற்பது நாள் மன்னர் சிறையில் இருத்தல் வேண்டும். அக்கால வழக்குகளில் குற்றம் சாட்டப்பட்டவர் தம்மொடு சூளுறத் துணைவர் பலரை அழைத்து வந்து தம் தூய்மையை நிறுவலாம். நாம் தேர்வுத்தாளில் எழுதும் விடைக்கு ஆங்கிலத்தில் ‘ஆன்சர்’ என்கிறோமே, அச்சொல்லின் பழம்பொருளே ‘எதிர்ச்சூள்’ என்பதுதான். ஒருவர் சாட்டிய குற்றத்திற்கு எதிராக ஆணையிட்டு உரைப்பதே முதலில் ஆன்சர் எனப்பட்டது.

1066ஆம் ஆண்டில் ஹேஸ்டிங்ஸ் போர்க்களத்தில் மாண்ட ஹெரால்டு மன்னரை நார்மானியர் சூள் பொய்த்தவர் என்றே தூற்றினர். அவர் புனிதப் பொருள்களின்மேல் கை வைத்து வில்லியமுக்குச் சூளுற்ற காட்சி ‘பேயூ’ திரைச்சீலையில் தைக்கப்பட்டுள்ளது. ஓர் அரசு வீழ்ந்ததற்கு ஒரு சூள் பொய்த்ததே காரணமெனக் காட்டுமளவுக்கு அச்சொல் வலிமை பெற்றிருந்தது. சாட்சியின் பொய்யைத் தனிக்குற்றமாக வகுத்துத் தண்டிக்கும் சட்டம் எலிசபெத் அரசியின் காலத்தில், 1563இல்தான் இயற்றப்பட்டது. நம் இலக்கியமோ அதற்குப் பன்னூறு ஆண்டுகளுக்கு முன்னரே பொய்க்கரியாளரைத் தனியே பெயரிட்டு அழைத்துவிட்டது.

அகத்திணையில் சூள்

சங்க அகப்பாடல்களில் தலைவன் தலைவியின் கையைப் பற்றித் ‘பிரியேன்’ என்று தெய்வத்தின்மேல் சூளுறுகிறான். குறிஞ்சிப்பாட்டில் மலையுறை கடவுளை வாழ்த்தி வணங்கி, சூளுரைத்துத் தெளிந்த அருவி நீரைப் பருகுகிறான். கோப்பெருஞ்சோழன் பாடிய குறுந்தொகை 53ஆம் பாடலில், சூரர மகளிரை முன்னிறுத்தி அவன் உற்ற சூளே இன்று எம்மை வருத்துகின்றது என்கிறாள் தோழி. சூளுக்கு அணங்கும் ஆற்றல் உண்டென்பது அக்கால நம்பிக்கை.

அச்சூளுக்குச் சான்று யார்? கபிலர் பாடிய குறுந்தொகை 25ஆம் பாடலில் தலைவி கலங்குகிறாள். களவில் கூடிய அன்று அங்கு வேறு எவரும் இலர். ஓடும் நீரில் ஆரல் மீனை நோக்கி நின்ற குருகு ஒன்றே இருந்தது. அவன் பொய்த்தால் யான் என்செய்வேன் என்பது அவள் ஏக்கம். இரை மேலேயே கண்ணாக இருந்த பறவையால் எதனைக் கண்டிருக்க இயலும்? கண்டிருந்தாலும் எம்மன்றில் வந்து உரைக்கும்? எழுத்தும் சாட்சியும் இன்றிக் கைமாற்றுக் கொடுத்தவரின் ஏக்கமும் இதுவேயன்றோ!

கற்பியலில் தொல்காப்பியர் ஒரு வரலாற்றுக் குறிப்பைத் தருகின்றார். பொய்யும் வழுவும் தோன்றிய பின்னரே பெரியோர் திருமணத்திற்குச் சடங்கு முறையை வகுத்தனர் என்பது அது. ஒருவன் தான் செய்ததை மறுத்தல் பொய். செய்ததில் நிலைநில்லாது தவறுதல் வழு என்பர் உரையாசிரியர். ஊரறிய மணம் செய்தல் என்பது, குருகு மட்டுமே கண்ட களவை ஊர் முழுதும் கண்ட கற்பாக மாற்றுதலே ஆகும். திருமணத்தை மனிதச் சான்றுகளால் கட்டியமைக்கும் எந்தச் சமுதாயமும் இவ்வுண்மையை உணர்ந்தே செயற்பட்டது. இஸ்லாமியத் திருமணமாகிய நிக்காஹ்வில் சாட்சிகளின் முன்னிலை இன்றியமையாததாக வைக்கப்பட்டிருப்பதையும் இங்கு ஒப்பிட்டு எண்ணலாம்.

கபிலரின் மற்றொரு பாடல், குறுந்தொகை 87, நம் சிந்தனையை வேறு திசையில் செலுத்துகிறது. மன்றத்துக் கடம்ப மரத்தில் உறையும் முதிய தெய்வம் கொடியவரை வருத்தும் என்பர். ஆனால் என் தலைவர் கொடியவர் அல்லர். என் நெற்றி பசந்ததும் தோள் மெலிந்ததும் என் விருப்பத்தினாலேயே என்கிறாள் தலைவி. பிரிந்து வருத்தியவனுக்காக அத்தெய்வத்தின்முன் அவளே கரி கூறுகிறாள். அக்கரி மெய்யன்று என்பது அவளுக்கும் தெரியும், நமக்கும் தெரியும். எனினும் எவரும் அவளைப் பொய்க்கரியாள் என்று இகழ்வதில்லை. ஏன்? அப்பொய்யின் சுமை முழுவதையும் அவளே தன் தலைமேல் ஏற்றுக்கொள்கிறாள். வேறு எவரும் அதனால் இழப்பதொன்றில்லை.

மருதக்கலியில் ஒரு தலைவி, பரத்தையிடமிருந்து திரும்பிச் சூளுறும் தலைவனை நோக்கி, உன் பொய்ச்சூள் வருத்துமாயின் அது இனி யார்மேல் வந்து முடியும் என்று கேட்கிறாள். பொய்யை அளக்க இதனினும் நேரான கோல் இல்லை. அவ்வினாவைக் கையில் ஏந்தியே மேலே செல்வோம்.

கள்ளூர் வழக்கு

வகுப்பில் நாம் நடத்திய பாடல் அகநானூற்றின் 256ஆம் பாடல். பாடியவர் மதுரைத் தமிழ்க்கூத்தன் கடுவன் மள்ளனார். பரத்தையொடு புனலாடித் திரும்பிய தலைவனுக்கு வாயில் மறுக்கும் தோழி, உன்னைப் பற்றி எழுந்த அலர், முன்பு கள்ளூர் அவையில் எழுந்த ஆரவாரத்தினும் பெரிது என்கிறாள். அவ்வாரவாரத்தின் கதையைச் சில அடிகளிலேயே கூறிவிடுகிறார் புலவர்.

கரும்புத் தோட்டங்கள் சூழ்ந்த கள்ளூரில் அறமற்ற ஒருவன் ஓர் இளம்பெண்ணின் நலத்தை நுகர்ந்தான். பின்னர் அவளை அறியேன் என்று சூளுற்றான். அவையத்தார் அவன் சொல்லோடு நின்றுவிடவில்லை. உண்மை அறிந்த சான்றுகளை வினவித் தெளிந்தனர். அவன் சூள் பொய் என்று வெளிப்பட்டதும், அவனை மரத்தின் பெருங்கிளையொடு இறுகப் பிணித்துத் தலையில் நீற்றைக் கொட்டினர். அவையில் ஆரவாரம் எழுந்தது.

இச்சிறு பகுதியில் ஒரு முழு வழக்கு அடங்கியிருத்தல் காண்க. முறையீடு உண்டு, மறுப்பு உண்டு, மறுப்பைத் தாங்கிய சூள் உண்டு, சாட்சி விசாரணை உண்டு, தீர்ப்பும் தண்டனையும் உண்டு. தெய்வம் வந்து தண்டிக்கும் என்று கள்ளூரார் காத்திருக்கவில்லை. குறுந்தொகைத் தலைவி அஞ்சிய தெய்வத்தின் வேலையை இங்கு அவையே ஏற்றுக்கொண்டது.

இரண்டு சொற்களைக் குறித்துக்கொள்வோம். அவனது சூளைத் ‘திறன் இல்’ சூள் என்கிறார் புலவர். சான்றுகளை ‘அறிகரி’ என்கிறார். வெறுங்கரி அன்று, அறிந்த கரி. உண்மையை உண்மையென்று கூறினால் மட்டும் போதாது. அதனைத் தாமே அறிந்தவராகவும் இருத்தல் வேண்டும் என்னும் வரையறை இவ்வொரு சொல்லில் உள்ளது.

புறத்திணையில் வஞ்சினம்

புறநானூற்றின் 71, 72, 73ஆம் பாடல்கள் வேந்தர்களே பாடிய வஞ்சினங்கள். மூன்றிலும் கட்டமைப்பு ஒன்றே. இதனைச் செய்யேனாயின் எனக்கு இன்னின்ன கேடு விளைக என்பது. சூள் என்பது தன்மேல் தானே இட்டுக்கொள்ளும் நிபந்தனைச் சாபம் என்பதை இவை நன்கு காட்டும்.

அவர்கள் வேண்டிக்கொண்ட கேடுகள் யாவை? தலையாலங்கானத்துச் செருவென்ற பாண்டியன் நெடுஞ்செழியன் தன் குடிகள் தன்னைக் கொடியன் என்று பழிதூற்றட்டும் என்கிறான். மாங்குடி மருதன் முதலான புலவர் தன் நாட்டைப் பாடாது நீங்கட்டும் என்கிறான். இரப்பவர்க்கு ஈய இயலாத வறுமை தன்னைச் சேரட்டும் என்கிறான். ஒல்லையூர் தந்த பூதப்பாண்டியனோ தன் மனைவியைப் பிரிவேனாக என்கிறான். அடுத்து, அறங்கூறும் அவையில் திறன் இல்லாத ஒருவனை அமர்த்தி முறை பிறழ்ந்தவன் ஆகுக என்கிறான். பொய்ச்சூளுக்குக் கள்ளூர்ப் பாட்டு இட்ட அடைமொழியே இங்கு தகுதியற்ற நடுவனுக்கும் வருதல் நோக்கத்தக்கது. சான்று கெட்டால் அவை கெடும். அவை கெட்டால் அரசு கெடும் என்னும் தொடர்ச்சியை நம் முன்னோர் தெளிந்திருந்தனர்.

பூதச் சதுக்கம்

சிலப்பதிகாரத்தின் புகார் நகரில் ஐவகை மன்றங்கள் இருந்தன. அவற்றுள் ஒன்று பூதச் சதுக்கம். போலித் தவத்தோர், மறைவொழுக்கப் பெண்டிர், அரசனுக்கு இரண்டகம் செய்யும் அமைச்சர், பிறன்மனை விரும்புவோர், பொய்க்கரியாளர், புறங்கூறுவோர் ஆகியோரை அங்குள்ள பூதம் தன் கயிற்றால் பிணித்துப் புடைத்துண்ணும். இந்திரவிழவூரெடுத்த காதை கூறும் இப்பட்டியலில், அரசுக்கு இரண்டகம் செய்யும் அமைச்சரோடு பொய்க்கரியாளரும் ஒரே வரிசையில் நிற்கின்றனர்.

அடைக்கலக் காதையில் இப்பூதம் மீண்டும் வருகிறது. கற்புடைய ஒரு பெண்ணைக் குறித்து அவள் கணவனிடம் ஒருவன் பொய்க்கரி கூறினான். பூதம் அவனைப் பிணித்தது. அவன் தாய் அலறித் துடித்தாள். அதனைக் கண்ட கோவலன் கயிற்றினுள் தானே புகுந்து, இவனுக்கு ஈடாக என் உயிரைக் கொள்க என்றான். கயவன் ஒருவன் உயிர்க்காக நல்லவன் உயிரைக் கொள்ளும் நெறி எனக்கில்லை என்று மறுத்து, பூதம் அவனை அத்தாயின் கண்முன்னே கொன்று தின்றது. பின்னர் அத்தாயையும் சுற்றத்தாரையும் கோவலன் பல்லாண்டு காத்தான்.

இதில் இருவேறு பாடங்கள் உள்ளன. பொய்க்கரியின் சுமையைப் பிறர் ஏற்க இயலாது என்பது ஒன்று. எத்துணைப் பெரிய அருளாளர் முன்வந்தாலும் அது கைமாறாது. மற்றொன்று, பொய்க்கரியாளனைத் தண்டிக்கும் நெறி அவன் தாயைப் பட்டினியிடச் சொல்லவில்லை என்பது. குற்றத்தையும் குடும்பத்தையும் பிரித்துப் பார்த்த கோவலன், பின்னர்த் தானே பொற்கொல்லன் ஒருவனின் பொய்ச்சொல்லுக்கு இரையாகி மதுரையில் மாண்டான். விசாரணையின்றி ஒரே சான்றின் சொல்லை நம்பிய பாண்டியனும் உடன் மாண்டான். 1968இல் உலகத் தமிழ் மாநாட்டையொட்டிச் சென்னைக் கடற்கரையில் நிறுவப்பட்ட கண்ணகி சிலையின் கையில் உயர்ந்து நிற்கும் சிலம்பு, பொய்க்கரிக்கு எதிரே வைக்கப்பட்ட மெய்க்கரி என்பதை அவ்வழியே செல்லும் நாம் எண்ணிப்பார்ப்பதுண்டா?

ஔவையாரின் நல்வழியில் 23ஆம் வெண்பா, மன்றில் ஒருபக்கம் சார்ந்து உரைத்தவரின் வீடு எருக்கு முளைத்துப் பாழாகும் என்கிறது. தண்டனை சொன்னவர்மேல் மட்டுமன்றி அவர் மனைமேலும் வருகின்றது. யார்மேல் வந்து முடியும் என்னும் மருதக்கலியின் வினாவுக்கு ஔவையார் இறுத்த விடை இது.

மகிழடிச் சூள்

மயிலாப்பூரில் பங்குனித் திங்களில் நிகழும் அறுபத்துமூவர் விழாவைக் காணாத சென்னையர் சிலரே. அவ்வூர்வலத்தில் வரும் சுந்தரரின் வரலாற்றிலும் ஒரு பொய்ச்சூள் உண்டு. நகரின் வடபால் உள்ள திருவொற்றியூரில் அவர் சங்கிலியாரை மணக்க விழைந்தார். பிரியேன் என்று சூளுற வேண்டும் என்பது நிபந்தனை. ஆரூருக்குத் திரும்பும் எண்ணம் உடைய சுந்தரர், தாம் கோயிலில் சூளுறும்போது கருவறையை விட்டு நீங்கி மகிழ மரத்தில் எழுந்தருளுமாறு இறைவனை முன்கூட்டியே வேண்டிக்கொண்டார். இறைவன் அங்கில்லையெனில் சூளும் பிணிக்காது என்பது அவர் கணக்கு. இறைவனோ சங்கிலியாரின் கனவில் தோன்றி, மகிழின்கீழ்ச் சூள் கேட்குமாறு உணர்த்தினார். வேறு வழியின்றிச் சுந்தரர் அங்கேயே சூளுற்றார். ஆரூர் வசந்த விழாவின் நினைவு மேலிட, சூளை மீறி ஒற்றியூர் எல்லையைக் கடந்ததும் அவர் பார்வை மறைந்தது. காஞ்சியில் ஒரு கண்ணும் திருவாரூரில் மற்றொரு கண்ணும் பெற்றார் என்று கூறும் சேக்கிழார், தம் தலைவரின் இக்குறையை மறைக்கவில்லை. இறைவனின் தோழருக்கும் சூளில் சலுகையில்லை என்பதே பெரியபுராணத்தின் முடிபு.

இங்கு தண்டிக்கப்படுவது மீறல் மட்டுமன்று. சொல்லை ஒருவாறு உரைத்து, உள்ளத்தில் வேறொன்றை ஒளித்த சூழ்ச்சியும் முதலிலேயே முறியடிக்கப்பட்டது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் பொன்மொழி ஒன்று இதனோடு ஒத்திருக்கக் காண்கிறோம். சூளின் பொருள், அதனை வாங்குபவரின் கருத்துப்படியே அமையும் என்பது அது. சொல்பவர் உள்ளத்தில் வைத்துக்கொண்ட மறைபொருள் அவரைக் காவாது.

இஸ்லாமிய நெறி

இஸ்லாமியச் சட்ட அறிஞர் சூளை மூவகைப்படுத்துவர். பேச்சு வழக்கில் எண்ணமின்றி வாயில் வரும் ஆணை ஒன்று, அதற்குக் குற்றமில்லை. வருங்காலச் செயலைக் குறித்து எண்ணித் துணிந்து செய்யும் சூள் மற்றொன்று. அதனை மீறினால் பரிகாரம் உண்டு. திருக்குர்ஆனின் ஐந்தாம் அத்தியாயம் 89ஆம் வசனம் அதனை வகுக்கிறது. பத்து ஏழையர்க்கு உணவளித்தல், அல்லது உடையளித்தல், அல்லது ஓர் அடிமையை விடுவித்தல். இவற்றுக்கு வழியற்றவர் மூன்று நாள் நோன்பிருத்தல். தீமை செய்வதாகச் சூளுற்றவர் அதனைக் கைவிட்டு நன்மையைச் செய்து, சூளுக்குப் பரிகாரம் செய்தல் வேண்டும் என்பதும் நபிமொழி. சூள் புனிதமானதுதான், ஆயினும் தீமைக்கு அது வேலியாகாது.

மூன்றாம் வகை, நடந்ததைக் குறித்து அறிந்தே பொய்யாணையிடுதல். அதன் பெயர் ‘கமூஸ்’. மூழ்கடிப்பது என்பது பொருள். ஆணையிட்டவரைப் பாவத்தில் மூழ்கடிப்பது. இதற்கு ஷாஃபி மரபினர் பரிகாரம் வேண்டும் என்பர். ஹனஃபி மரபினரோ, பத்துப் பேருக்கு உணவளித்துக் கழுவிவிடும் அளவினதன்று இக்குற்றம், பாவமன்னிப்புக் கோருதலே வழி என்பர். இடைக்கால ஆங்கிலம் ஒரே சொல்லில் கலந்துவைத்த இரண்டையும் இந்நெறி துல்லியமாகப் பிரித்திருத்தல் காண்க.

பதினாறாம் அத்தியாயம் சூளை முறிப்பவரை, முறுக்கேற்றி நூற்ற நூலைத் தானே பிரித்துப் பிய்த்தெறியும் பெண்ணுக்கு ஒப்பிடுகிறது. நான்காம் அத்தியாயம் 135ஆம் வசனம், உங்களுக்கோ பெற்றோருக்கோ உறவினருக்கோ எதிராயினும் நீதிக்குச் சாட்சியாக நில்லுங்கள் என்கிறது. பெரும் பாவங்களைப் பற்றி உரைத்துக்கொண்டிருந்த நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், சாய்ந்திருந்த நிலையிலிருந்து எழுந்தமர்ந்து, பொய்ச்சாட்சியைப் பற்றி மீண்டும் மீண்டும் எச்சரித்தார்கள் என்பது யாவரும் அறிந்த செய்தி. கடன் கொடுக்கும்போது எழுதிக்கொள்ளுங்கள், சாட்சி வைத்துக்கொள்ளுங்கள் என்று விரித்துரைக்கும் இரண்டாம் அத்தியாயத்து 282ஆம் வசனமே திருமறையின் மிக நீண்ட வசனம். பின்னாளில் பொய்க்கரி தேடும் நிலை எவர்க்கும் நேராதிருக்கவே இவ்வளவு விரிவு என்று கொள்ளத் தோன்றுகிறது.

வாக்குக் காத்தலுக்குத் தமிழில் நாம் பெற்ற அழகிய சித்திரம் உமறுப் புலவரின் சீறாப்புராணத்தில் உள்ள மானுக்குப் பிணை நின்ற படலம். வேடனிடம் அகப்பட்ட பெண்மான், தன் கன்றுக்குப் பாலூட்டித் திரும்புவதாக வாக்களிக்கிறது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அதற்குப் பிணையாக நிற்கிறார்கள். மான் சொன்னபடி திரும்பி வருகிறது. குருகு ஒன்றே சான்றாயிருந்த குறுந்தொகைத் தலைவியின் ஏக்கத்தையும், விலங்கொன்று வாக்குக் காக்கும் இக்காட்சியையும் அருகருகே வைத்துக் காணுதல் நம் மாணவர்க்குப் பயன்தரும்.

இன்றைய சட்டம்

ஆங்கிலேயர் ஆட்சியில் இந்துக்கள் கங்கை நீரின்மீதும் முஸ்லிம்கள் திருக்குர்ஆன்மீதும் ஆணையிடல் வேண்டும் என்ற கட்டாயம் நீதிமன்றங்களில் இருந்தது. அதனால் இடையூறுகள் விளைந்தமையால் 1840இல் அதனை நீக்கி உறுதிமொழி முறையைக் கொணர்ந்தனர். 1873ஆம் ஆண்டின் ஆணைச் சட்டம் ஒரு புதுமையான வழியைத் திறந்து வைத்தது. எதிராளி தம் சமய முறைப்படி குறிப்பிட்ட ஆணையிட்டுச் சொல்வாராயின் அதற்குக் கட்டுப்படுகிறேன் என்று ஒருவர் இசையலாம். அவ்வாறு பெற்ற சொல் அவருக்கு எதிராக முடிவான சான்றாகும். கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்யும் ஊர்வழக்கு எழுத்துச் சட்டத்தினுள் நுழைந்த வாயில் இது. 1969ஆம் ஆண்டின் சட்டம் அவ்வாயிலை அடைத்துவிட்டது. ஆணையிடும் முறையில் பிழை நேர்ந்தாலும் உண்மை கூறும் கடமை நீங்காது என்றும் அச்சட்டம் தெளிவுபடுத்துகிறது. சடங்கு தவறினாலும் சான்று தவறலாகாது என்பது அதன் சாரம்.

1860இன் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 191, 193ஆம் பிரிவுகளில் இருந்த பொய்ச்சாட்சிக் குற்றம், 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் 227, 229ஆம் பிரிவுகளில் இடம்பெற்றுள்ளது. நீதிமன்ற நடவடிக்கையில் பொய்ச்சாட்சி கூறினால் ஏழாண்டு வரை சிறையும் தண்டமும் உண்டு. தாம் அறியாத ஒன்றை அறிந்ததாகக் கூறுதலும் பொய்ச்சாட்சியே என்பதைச் சட்டம் விளக்கத்திலேயே தெளிவாக்கியுள்ளது. கள்ளூர் அவை தேடிய ‘அறிகரி’யைத்தான் இன்றைய நீதிமன்றமும் தேடுகிறது.

நிறைவுரை

மாணவரின் வினாவுக்கு வருவோம். மாமா கூறுவது மெய்யாகவே இருக்கட்டும். காணாத மருகன் கண்டேன் என்றால், அப்பொய் யார்மேல் வந்து முடியும்? குறுந்தொகைத் தலைவியைப் போல அவர் தம்மேல் மட்டும் அதனை ஏற்றுக்கொள்ள இயலாது. எதிர்வழக்காடுபவர்மேல் விழும். குறுக்கு வினாவில் பொய் வெளிப்பட்டால் மாமாவின் மெய்யும் பொய்யாகிவிடும். வெளிப்படாவிடினோ, இழப்பு இன்னும் பெரிது. அடுத்த நாள் அம்மன்றில் ஏறும் மெய்யான சாட்சியின் சொல்லும் எடை குறைந்துபோகும். வள்ளுவர் 293ஆம் குறளில் உணர்த்துமாறு, ஒருவர் அறிந்தே சொன்ன பொய்யை முதலில் சுடுவது அவர் நெஞ்சமே. அச்சான்றிலிருந்து தப்புவார் எவருமிலர்.

வகுப்பில் வாராத நண்பனுக்காக வருகைப் பதிவில் குரல் கொடுப்பதும், காணாத சான்றிதழில் கண்டதாகக் கையொப்பமிடுவதும் சிறியனவே. ஆயினும் நூல் பிரியத் தொடங்குவது ஒரு புரியிலிருந்துதான். ஆசிரியர்களாகிய நாமும், கையொப்பம் கேட்டு நம் வாயிலுக்கு வருவோரை அறிந்த பெரியோர்களும், இதனை மாணவர்க்கு மட்டும் உரிய பாடமாகக் கருதிவிட இயலாது.

இவை யாவற்றையும் அம்மாணவரிடம் ஒரே நாளில் கூறினோம் அல்லோம். கள்ளூர்ப் பாடலை மீண்டும் ஒருமுறை படிக்கச் சொன்னோம். ‘அறிகரி’ என்னும் சொல்லின்கீழ்க் கோடிடச் சொன்னோம். அவ்வளவே. அவர் தம் மாமாவிடம் சென்று, நான் காணாததைக் கண்டேன் என்று சொல்ல என்னால் இயலாது, ஆனால் நீங்கள் பொய் சொல்பவர் அல்லர் என்பதை எங்கு வேண்டுமானாலும் வந்து சொல்வேன் என்றாராம். மாமா சினந்து, அவ்வாண்டுப் பெருநாளன்று அவர் வீட்டுக்கு வரவில்லை. அடுத்த ஆண்டுப் பெருநாளில் வந்தார். இடைப்பட்ட ஓராண்டின் வருத்தத்தை அம்மாணவர் தாமே சுமந்தார். வேறு எவர்மேலும் அதனை ஏற்றவில்லை.